கியூ கரெக்டா விழுந்துச்சு, ஆளு எங்க?

வாசகர் கடிதம்:

அண்ணே வணக்கம். மதுரையில ஒரு நவீன நாடக குழுவுல லைட்டிங் பண்றேன். போன மாசம் போட்ட நாடகத்துக்கு ஒரு விமர்சனம் வந்துச்சு. நடிகர்களுக்கு ரெண்டு பாரா, டைரக்டருக்கு ரெண்டு பாரா. செட், லைட், மியூசிக், மேக்கப் எல்லாத்துக்கும் சேத்து "தொழில்நுட்பக் குழுவினரும் சிறப்பாகப் பணியாற்றியிருந்தனர்"னு ஒரே வரி. மனசு விட்டுப்போச்சு. இத்தனைக்கும் 42 கியூ (லைட்ட மாத்தவேண்டிய எடம்), ஒண்ணு கூட மிஸ் ஆகல. ஒரு எடத்துல நடிகர் ஒரு பக்க டயலாக்க முழுங்கிட்டு அடுத்த எடத்துக்கு தாவிட்டாரு, அப்பவும் என் கியூ ஷீட்படி கரெக்டா விழுந்துச்சு. நோட்டீஸ்ல எங்க பேர எந்த வரிசையில போடணும்னு ஏதாவது மரபு இருக்கா? கல்கத்தா லைட்டிங் கலைஞர் தாபஸ் சென் மாதிரி ஆளுங்க நம்ம பக்கம் ஏன் வரல? சொந்தமா டிம்மர் போர்டு (வெளிச்சத்த கூட்டி கொறைக்கிற பலகை) வாங்கலாமான்னும் யோசனை.

பதில்:

தம்பி, அந்த ஒத்த வரி மேல உங்களுக்கு கோவம் வந்தது நியாயம். தெரியலன்னா எழுதாம விட்ருக்கலாம், "சிறப்பாக"ன்னு பொதுவா தடவி விடுறது சுத்த சோம்பேறித்தனம். விடுங்க, அவருக்காக எல்லாம் தூக்கத்த கெடுத்துக்காதீங்க.

டிம்மர் போர்டு வாங்காதீங்க. வருஷத்துக்கு நாலு ஷோ போடுற குழுவுக்கு எதுக்கு சொந்த போர்டு, வாடகைக்கு எடுங்க.

தாபஸ் சென் பத்தி கேட்டீங்க. 1959ல கல்கத்தா மினர்வா தியேட்டர்ல உத்பல் தத்தோட 'அங்கார்' நாடகத்துல, நிலக்கரி சுரங்கத்துக்குள்ள தண்ணி ஏறுறத வெறும் வெளிச்சத்தாலயே காட்டுன மனுஷன். ஆனா அந்த மாதிரி ஆளு ஏன் வரலன்னு கேக்குறவரு, மொதல்ல நம்ம பக்கம் யாரு இருக்காங்கன்னு பாத்திருக்கணும். மதுரையில உக்காந்துகிட்டு இத கேக்குறீங்களே, ஸ்பெஷல் நாடகம் ஒண்ணாவது விடிய விடிய உக்காந்து பாத்திருக்கீங்களா?

ஏன் கேக்குறேன்னா, நீங்க பெருமையா எழுதுன அந்த வரி என்னைய ரொம்ப கடுப்பாக்கிருச்சு. நடிகர் தாவிட்டாரு, உங்க கியூ கரெக்டா விழுந்துச்சு. சரி, யாரு மேல விழுந்துச்சு? அவரு அந்த பக்கம் இருட்டுல நின்னு பேசிட்டு இருக்காரு, நீங்க காலி நாற்காலி மேல வெளிச்சத்த அடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. பொண்ணு வராத மணவறையில தாலிய நீட்டுன கணக்கா. ஷீட்ல கரெக்ட்டு, மேடையில தப்பு. இதுக்கு தனியா ஒரு பாரா வேற எழுதணுமா உங்களுக்கு?

ஸ்பெஷல் நாடகத்துல கியூ ஷீட்டே கெடயாது தெரியுமா. டைரக்டர் கெடயாது, ஒத்திகை கெடயாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊரு, ஸ்திரிபார்ட் (கதாநாயகி) ஒரு ஊரு, பபூன் (கோமாளி) வேற ஊரு, ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பேசி கூட்டிட்டு வருவாங்க, அதனாலதான் அதுக்கு பேரே ஸ்பெஷல். மேக்கப் அவங்கவங்களே போட்டுக்குவாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேடையில சேந்தா விடியிற வரைக்கும் வள்ளி திருமணம் ஓடும். எப்படி ஓடுதுன்னா, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழி வந்த பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம், அது ஒண்ணு. இன்னொண்ணு, மேடை ஓரத்துல உக்காந்திருக்கிற ஹார்மோனியக்காரரு.

சின்ன வயசுல எங்க ஊரு பங்குனி பொங்கலுக்கு நாடகம் வச்சா நான் எதுக்க போயி உக்கார மாட்டேன், பக்கவாட்டுல ஏறி பக்கவாத்தியக்காரங்க முதுகுக்கு பின்னாலதான் எடம் புடிப்பேன். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவாங்க, அது அரைமணி நேரமும் போகும் ரெண்டு மணி நேரமும் போகும், அன்னைக்கு அவங்க வீம்ப பொறுத்தது. நடுச்சாமம் தாண்டுனா வள்ளிக்கு தொண்ட கட்டிரும். ஹார்மோனியக்காரரு அந்தம்மா மூஞ்சிய கூட பாக்க மாட்டாரு, இழுத்து விடுற மூச்சுலயே கண்டுபுடிச்சு யாருக்கும் தெரியாம அரைக்கட்ட சுருதிய எறக்கி வச்சிருவாரு. அந்தம்மா அடுத்த பாட்ட அதுல எடுத்துரும், கூட்டத்துக்கு ஒண்ணும் தெரியாது. பாட்டு மறந்து நின்னுட்டா பல்லவிய பொட்டியில மெல்ல வாசிச்சு காட்டுவாரு. நாரதரு இழுத்துகிட்டே போனா ஒரு தினுசா கட்டையில கைய அழுத்துவாரு, நாரதருக்கு புரிஞ்சிரும், முடிச்சிக்குவாரு. இவர டைரக்டர்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

பக்கத்துல ஆல்ரவுண்டுக்காரரு. டிரம்மு, ஜால்ரா, விசிலு, மணின்னு சுத்தி பரப்பி வச்சிருப்பாரு. பபூன் வழுக்கி விழும்போது சத்தம் கொடுக்கணும்ல, பபூன் எப்ப விழுவான்னு பபூனுக்கே தெரியாது. இவரு கண்ணு முழுக்க அவன் முட்டியிலதான் இருக்கும். முட்டி மடங்குன உடனே குச்சி எறங்கும், ஆளு தரையில விழறதும் சத்தமும் ஒண்ணா இருக்கும். படுதா கட்டுறவரும் அப்படித்தான், தெரு சீன் போயி காடு சீன் எறங்கணும்னா கயித்த உள்ளங்கையில ஒரு சுத்து சுத்திகிட்டு பபூனோட கடைசி வார்த்தைக்கு காத்துகிட்டு நிப்பாரு. அந்த கடைசி வார்த்த ஒவ்வொரு ராத்திரியும் வேற.

பேருன்னு பாத்தா, பாடி நடிச்ச கிட்டப்பாவ தெரியாத ஆளு கெடயாது, அவருக்கு ஹார்மோனியம் வாசிச்ச அண்ணன் காசி அய்யர கேட்டா எத்தன பேரு சொல்லுவாங்க? நாடக நடிகர் விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 ராத்திரி மெட்ராஸ் ராயல் தியேட்டர்ல முருகன் வேஷத்துலயே, மயில் வாகனத்துல உக்காந்து பாடும்போதே உசுர விட்டாரு. அத சொல்லாத நாடகக்காரங்க இல்ல. பாட்டு நின்னப்ப மொதல்ல அத ஒணந்தது பொட்டியில கை வச்சிருந்த மனுஷனாத்தான் இருக்கும், அவர பத்தி ஒருத்தரும் எங்கிட்ட பேசுனதில்ல. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அவங்க வேலைய பேருக்காக செய்யல, எதுக்க இருக்கிற ஆள கேட்டு கேட்டு செஞ்சாங்க.

உங்க கடிதத்துல ரெண்டு எடத்துல கியூன்னு வருது, அந்த நடிகருக்கு ஏன் அன்னைக்கு டயலாக் விட்டுப்போச்சுன்னு ஒரு எடத்துலயும் இல்ல. ஒடம்பு முடியலயா, பயந்துட்டாரா, எதிர்ல நின்னவன் தப்பா எடுத்து கொடுத்தானா? நீங்க கேக்கவே இல்லன்னுதான் நெனைக்கிறேன். கோவிச்சுக்காதீங்க, 42 கியூவையும் இம்மி பிசகாம போட்ட கை நல்ல கைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா உங்களைய கடைசி நாலு நாள்ல கூட்டிட்டு வந்து ஷீட்ட கைல கொடுத்திருப்பாங்க, அந்த வழக்கம்தான் உங்களைய கெடுக்குது. அடுத்த நாடகத்துக்கு மொத நாள் வாசிப்புலேந்து உக்காருங்க, லைட்டே இல்லாம ஒத்திகைய பாருங்க, நடிகர் எங்க மூச்சு வாங்குறாரு, எந்த வரியில தடுமாறுறாருன்னு காதுல ஏத்திக்குங்க. டைரக்டர் ஒத்துக்கலன்னா அந்த குழுவ விட்டு வெளிய வாங்க தம்பி, சம்பளமா கொடுக்குறாங்க?