சட்டம் எழுதும்போது பேஸ்புக்கில் மக்கள் சொல்வதை அரசு கேட்குமா?

கேட்க முடியும், ஐஸ்லாந்தில் கேட்டார்கள். 2008-இல் வங்கிகள் திவாலான பிறகு அங்கே புதிய அரசியலமைப்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2011-இல் 25 பேர் கொண்ட மன்றம் ஒன்று, எழுத எழுத வரைவை இணையத்தில் போட்டு, பேஸ்புக்கிலும் கருத்துக் கேட்டது. எல்லாம் முடிந்தபின் பெயருக்குக் கேட்காமல் எழுதும்போதே கேட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வந்த யோசனைகளுக்கு உறுப்பினர்கள் பதில் சொன்னார்கள், சிலவற்றைச் சேர்த்தும் கொண்டார்கள். 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வரைவை ஆதரித்தார்கள்.

ஆனாலும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. வாக்கெடுப்பு வெறும் ஆலோசனைதான், அரசைக் கட்டுப்படுத்தாது. அதனால் உங்கள் ஊரில் அரசு கருத்துக் கேட்டால், அதன்மேல் யார், எந்தத் தேதிக்குள் முடிவெடுப்பார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.