தரை எழுவதும் இறங்குவதும்: நிலவியல் கேள்வி பதில்

குளச்சல், மீன்பிடித் தொழிலாளி: சார், 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கடலடியில் எரிமலை இருக்கு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை அண்ணாச்சி. அந்தச் சுனாமி வந்தது சுமத்ரா அருகே கடலடியில் பூமியின் பாறைத் தட்டுகள் நழுவியதால். நம்ம மாவட்டப் பாறைகள் சார்னோகைட், கோண்டலைட் வகை. பல கோடி ஆண்டுகளாக ஆறிக் கிடப்பவை. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவுதான்.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: எரிமலைப் பகுதியில் தரை எழுந்தால், பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பான மாக்மா மேலே வருகிறது என்றுதானே அர்த்தம்? தண்ணீராலும் தரை எழும் என்கிறார்களே, வெறும் தண்ணீர் எப்படி ஊரையே தூக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, மக்களே. ஆழத்தில் கிடக்கும் மாக்மா மேலே வராமலேயே சூட்டையும் வாயுவையும் விட்டுக்கொண்டிருக்கும். மழைநீரும் கடல்நீரும் விரிசல் வழியாக இறங்கிச் சூடாகி, அந்த வாயுக்களோடு கலந்து மேலேறும். ஏறும் வழியில் ஆறும்போது, கரைந்திருந்த சிலிக்கா போன்ற தாதுக்கள் படிந்து விரிசல்களை அடைத்துவிடும். புட்டுக்குழாயில் மாவை இறுக்கி அடைத்தால் ஆவி போக வழியில்லாமல் குழாயையே தூக்குமே, அதே கதைதான். பாறையின் நுண்துளைகளில் அழுத்தம் கூடும், சூட்டில் பாறையும் விரியும், தரை உப்பும். அடைப்பு உடைந்தால் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் வரும், நீரும் வாயுவும் வெளியேறும், தரை இறங்கும்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் பொத்சுவோலி என்று ஒரு துறைமுக ஊர். 1982 முதல் 1984 வரை அங்கே தரை சுமார் 1.8 மீட்டர் எழுந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் வீட்டைக் காலி செய்தார்கள். எரிமலை வெடிக்கவில்லை, அடுத்த 20 ஆண்டுகளில் பாதியளவு தரை இறங்கிவிட்டது. 2005-லிருந்து மறுபடி எழுகிறது. அங்குள்ள ரோமானியச் சந்தையின் பளிங்குத் தூண்களில் ஆளுயரத்துக்கும் மேலே கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் உண்டு. அந்த இடம் ஒரு காலத்தில் கடலுக்குள் மூழ்கி, பிறகு எழுந்திருக்கிறது. இதில் தண்ணீரின் பங்கு எவ்வளவு, மாக்மாவின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

தக்கலை, ஆசிரியர்: அப்படியானால் கீழே இருப்பது தண்ணீரா மாக்மாவா என்று எப்படிப் பிரித்தறிவது?

தரை எவ்வளவு எழுந்தது என்பதை ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் ரேடாரும் சொல்லிவிடும். ஏன் எழுந்தது என்பதற்கு எடை பார்க்க வேண்டும். மாக்மா தண்ணீரைவிட இரு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதனால் ஈர்ப்பு விசையை நுட்பமாக அளந்து, தரை உயர்ந்ததால் குறையும் அளவைக் கழித்த பிறகும் விசை கூடியிருந்தால், கனமான ஏதோ உள்ளே வந்திருக்கிறது. அப்புறம் வாயு. கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் எளிதில் கரைந்துவிடும்; அது திடீரென்று நிறைய வெளியே வந்தால் மாக்மா நெருங்கிவிட்டதோ என்று சந்தேகிப்பார்கள். எந்த ஓர் அளவையும் தனியாக நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மார்த்தாண்டம், இல்லத்தரசி: தண்ணீர்தான் என்றால் பயமில்லையா?

இருக்கிறது அம்மா. ஜப்பானின் ஒன்டாகே எரிமலையில் 2014 செப்டம்பர் 27-ல் நடந்தது நீராவி வெடிப்புதான். மலையேறப் போனவர்களில் 63 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். தரைச் சாய்வுமானி மாற்றத்தைக் காட்டியது வெடிப்புக்குச் சுமார் 7 நிமிடம் முன்புதான்.

தோவாளை, விவசாயி: எங்கள் பக்கம் போர்வெல் நிறைய. தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச நிலம் கீழே போகுமா?

மெக்சிகோ நகரத்திலும் ஜகார்த்தாவிலும் அப்படி நடக்கிறது. அடியில் இளகிய களிமண். இங்கே கடினப்பாறை, தண்ணீர் அதன் விரிசல்களில்தான் நிற்கிறது, பாறை அமுங்காது. கடலோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறுவதுதான் எனக்கு உண்மையான கவலை.

குலசேகரம், மாணவர்: மின்கம்பத்தடியில் மண் உருகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தால் அது எரிமலைக் குழம்பா?

இல்லை தம்பி. உயரழுத்த மின்சாரம் மண்ணில் பாய்ந்தாலே அப்படி உருகும். கல்லை எடுக்கப் பக்கத்தில் போகாதே, முதலில் மின்வாரியத்துக்குச் சொல்.