கேள்வி பதில்: 1865-இல் கொழுந்து பறிக்க முடியுமா?

கேள்வி: 1865-இல் புதுக்கோட்டைப் பக்கமிருந்து இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றி நாவல் எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறிப்பதாக இரண்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. வேலை விவரங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் ஆண்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பயிரை மாற்றுங்கள். 1865-இல் அந்த மலைகளில் இருந்தது காப்பி. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதே 1867-இல்தான். 1869-இல் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி போல இலைத்துரு நோய் தெரிந்தது. காப்பி சரிந்து, தேயிலை அந்த மலைகளைப் பிடித்தது 1880-களில்.

பயிரை மாற்றுவதே நல்லது என்பேன். காப்பிக்காரிகளைப் பற்றித் தமிழில் வந்தது குறைவு, கதைக்கோ அது அருமையான களம். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சிவந்த பழமாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். காய் கலந்தால் தோலுரிக்கும் இயந்திரத்தில் தோல் சரியாகக் கழலாது, கொட்டை நசுங்கும், திட்டு பறித்தவளுக்கு. சாயங்காலம் பழத்தை நிறுக்க மாட்டார்கள், புசல் (bushel) என்ற முகத்தலளவைக் கணக்கில் அளப்பார்கள். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும் என்பதால் அன்றைக்கே தோலுரித்தாக வேண்டும். பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆகவே அவள் வருஷம் ஊருக்கும் மலைக்குமாகப் பாதி பாதி. தேயிலை அப்படியில்லை. வருஷம் முழுக்கக் கொழுந்து வருவதால் குடும்பத்தோடு லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) தங்கிவிட்டார்கள்.

தேயிலை அத்தியாயங்களை விட மனமில்லை என்றால், அவள் மகளை 1890-இல் வைத்து எழுதுங்கள். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டு மலையேறுவாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, உள்ளங்கை நிறைவதற்குள் தோளுக்குப் பின்னால் கூடையில் போட வேண்டும். கூடுதல் சேரட்டும் என்று கையில் இறுக்கிப் பிடித்தால் இலை நசுங்கிச் சூடாகிச் சிவந்துவிடும். முற்றல் இலை கலந்தாலும் தோட்டத்துக்கு நஷ்டம்தான். ஒரே மலைக்கு ஏழு முதல் பத்து நாளில் திரும்பி வர வேண்டும். தாமதித்தால் கொழுந்து முற்றிவிடும். நிறுவை றாத்தல் (பவுண்டு) கணக்கு. அளவு குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதிக் கூலி. அந்தத் தராசடியில் நிற்கும் ஐந்து நிமிஷத்தை விரிவாக எழுதுங்கள். அவள் பயம், கங்காணியின் அதிகாரம், கணக்குப்பிள்ளையின் பேனா எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: பயணம், பணம், கடன்?

பதில்: 1865-இல் படகில் மன்னார், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடை. வழியில் காலரா பலரைக் கொண்டுபோனது. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் 1914-இல்தான் வந்தது. மகளின் காலத்தில் கூலி ரூபாயும் சதமும்; இலங்கையில் 1872-இலிருந்தே சதம்தான், அணா எழுத வேண்டாம். தோட்டம் கொடுத்த அரிசிக்கான பணம் கூலியில் கழியும். 'துண்டு' என்பது ஆட்களின் கடன் தொகையை எழுதித் தோட்டத்துரை கொடுத்த சீட்டு. அந்தக் கடனை அடைக்கும் வேறு தோட்டத்துத் துரையிடம் ஆட்களும் போய்ச் சேர்வார்கள். இந்தத் துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. உங்கள் கதை அதற்குள் முடிவதால் தைரியமாகப் பயன்படுத்தலாம்.