கேள்வி-பதில்: ‘மெஷின் நின்றுபோகும், அவ்வளவுதான்’ என்றால் வாங்கலாமா?

கேள்வி: சிறிய கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். பழைய கணினிகள் ஆறு விலைக்கு வருகின்றன. எல்லாமே விண்டோஸ் 7. பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், “இணையம் வழியாக எதுவும் வராது. யாராவது கணினி முன்னால் உட்கார்ந்து வேண்டுமென்றே செய்தால்தான் உண்டு. அப்போதும் மெஷின் நின்றுபோகும், அவ்வளவுதான், டேட்டா திருடு போகாது” என்கிறார் விற்பவர். மாணவர்களுக்கு அட்மின் உரிமை கொடுக்காமல் சமாளித்துவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினி என்றால் அவர் பேச்சில் பாதி நியாயம் உண்டு. உங்கள் மையத்தில் ஒரே இருக்கையில் மணிக்கு ஒருவர் மாறி உட்காருகிறார். ஒரு விளையாட்டுப் பிள்ளை போதும், தேர்வு நாளில் வகுப்பு கெட்டுவிடும்.

மீதிப் பாதியும் உண்மையல்ல. 2017 மே மாதம் விண்டோஸ் 7, 8.1 இரண்டிலும் ஒரு ஓட்டை வெளிவந்தது. வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை எம்எஃப்டி என்ற மறைகோப்பில் விண்டோஸ் வைத்திருக்கிறது. அதை ஒரு ஃபோல்டர்போலக் கருதி, அதற்குள் ஏதோ ஒரு கோப்பைக் கேட்டால், விண்டோஸ் அந்தப் பதிவேட்டைப் பூட்டிவிட்டு மறுபடி திறக்காது. அடுத்து எந்த மென்பொருள் கோப்பு கேட்டாலும் வரிசையில் நிற்கும். சற்று நேரத்தில் திரை முழுவதும் உறைந்துவிடும். பவர் பட்டனை அழுத்தி அணைப்பதுதான் வழி. அந்த மறைகோப்பு வழியை ஒரு இணையப் பக்கத்தில் படத்தின் முகவரியாக எழுதிவைத்தால், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசர் அதையும் தேடிப் போனது. ‘இணையம் வழியாக வராது’ என்பது அங்கேயே பொய்த்துவிட்டது.

அட்மின் உரிமையைப் பிடுங்குவது நல்ல பழக்கம், ஆனால் இதற்கு மருந்தல்ல. 2021 தொடக்கத்தில் விண்டோஸ் 10-இல் தெரியவந்த ஓட்டையைச் சாதாரணக் கணக்கிலிருந்தே தூண்ட முடிந்தது. ஷார்ட்கட் ஒன்றின் ஐகானுக்கு ஒரு குறிப்பிட்ட முகவரியைக் கொடுத்து ஃபோல்டரில் போட்டுவைத்தால் போதும். அதைத் திறக்கக்கூட வேண்டாம். ஃபோல்டரைப் பார்த்தவுடன் விண்டோஸே ஐகானைத் தேடிப் போய், வட்டு பழுதாகிவிட்டது, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று அறிவிக்கும். ஏப்ரல் அப்டேட்டில் அதை அடைத்தார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸும் விலக்கல்ல. சிஸ்டம்டி என்ற அடிப்படை நிரலில் 2015 முதல் கிடந்த ஓட்டையை 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. சாதாரணப் பயனரே முழுக் கணினியையும் வீழ்த்த முடிந்தது.

ஆகவே ஓட்டை இல்லாத கணினியைத் தேடி அலையாதீர்கள். அடைக்க ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். விண்டோஸ் 7-க்கான அப்டேட் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழையது வாங்கினாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும் கணினியாக வாங்குங்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் புராசஸர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல். வெளியே ஒட்டியிருக்கும் ‘ஐ5’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள். கணினியைப் போடச் சொல்லி, சிஸ்டம் விவரத்தில் ஐ5-ஐ அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள்: 8250 என்றால் சரி, 7200 என்றால் வேண்டாம்.

பணம் இடிக்கிறதென்றால் அந்தப் பழைய கணினிகளையே இன்னும் பேரம் பேசி வாங்கி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் எல்டிஎஸ் என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்பைப் போடலாம். 5 ஆண்டு அப்டேட் இலவசம். ஒரு பயனர் ஒரே நேரத்தில் எத்தனை புராசஸ் (ஓடும் நிரல்) இயக்கலாம் என்ற வரம்பையும் அமைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், தன்னைத் தானே பிரதியெடுக்கும் ஒரு வரி நிரலே கணினியைத் திணறடித்துவிடும். டேலி கணக்கு மென்பொருள் கற்றுக்கொடுப்பவர் என்றால், அது விண்டோஸுக்கானது என்பதால் இந்த வழி ஒத்துவராது.

கேள்வி: ஒரு படத்தை வால்பேப்பராக வைத்தால் போன் செத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? புதிய போன் வாங்கப்போகிறேன்.

பதில்: 2020-இல் நடந்தது. ஓர் ஏரியின் படம். அதிலிருந்த வண்ண வகையை ஆண்ட்ராய்டு 10 சரியாகக் கையாளவில்லை. ஒளியளவைக் கணக்கிட்டபோது 255-ஐத் தாண்டிய எண் வந்து, திரையை நடத்தும் நிரல் விழுந்து எழுந்து விழுந்துகொண்டே இருந்தது. சிலர் போனை முழுவதும் அழித்து மீட்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு 11-இல் அந்தச் சிக்கல் இல்லை.

போன் வாங்கும்போது, பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ்24 போன்றவற்றுக்கு 7 ஆண்டு அறிவித்திருக்கிறார்கள். மலிவு மாடல்களில் இது மிகக் குறைவாக இருக்கும். இந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலுக்கு அந்த இரண்டு வருடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.