பிளேயரில் தமிழ்ப் பாட்டுப் பெயர்கள் ஏன் கட்டமாகத் தெரிகின்றன?

காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணைப் பதிவுகளை ஏற்றினால் பெயர் கட்டம் கட்டமாக வருகிறது, வரிசையும் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டம் என்றால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை, கோப்பில் பழுதில்லை. கேள்விக்குறிகள் என்றால் டேக் (கோப்புக்குள் பாட்டு, கலைஞர் பெயர்களைத் தாங்கும் குறிப்பு) எழுதும்போதே எழுத்து அழிந்துவிட்டது, திரும்பத் தட்டத்தான் வேண்டும். ‘à®’ போல வந்தால் குறியாக்கம் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) தவறாகப் படிக்கப்படுகிறது: எம்பி3டேக் (Mp3tag) என்ற டேக் திருத்தும் மென்பொருளில் டேக் வகையாக ஐடி3வி2.3 (ID3v2.3), குறியாக்கமாக யுடிஎஃப்-16 (UTF-16) தேர்ந்து எல்லாவற்றையும் மறுபடி சேமியுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தில் பெயரிடுவதே வழி (எரிச்சல்தான்).

கோப்புப் பெயரை 01, 02 என்று தொடங்குங்கள். வெறும் 1 என்றால் பல பிளேயர்களில் அடுத்து 10 வந்து நிற்கும். டேக்கில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் (முழு ஆல்பத்துக்குமான கலைஞர் பெயர்) புலம் காலியாக இருந்தால் ஒரே கச்சேரி பல துண்டாகலாம். கடைசியில் பிளேயரின் பாட்டு நூலகத்தை மறுபடி ஸ்கேன் செய்யாவிட்டால் பழைய பெயரே தெரியும்.