ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமா?

கேள்வி: சொந்த வீடு கட்டப் போகிறோம். பெரிய கண்ணாடி ஜன்னல், தட்டையான கூரை, வெள்ளைச் சுவர், அடைசல் இல்லாத அறைகள் என்று நவீன வீட்டுப் படங்களைப் பார்த்தால் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. கணவரோ, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், ஆறே மாசத்தில் அலுத்துவிடும்" என்கிறார். எனக்கு இருப்பது வெறும் ஃபேஷன் மோகமா?
- ஒரு வாசகி

பதில்: மோகமாகவே இருந்தாலும் தப்பில்லை. ஆனால் அந்தப் படங்களில் உங்களைப் பிடித்து நிறுத்துவது எது என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வெளிச்சமாகத்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் கூரையின் பாரத்தைச் சுவர்தான் சுமந்தது. அதில் பெரிய திறப்பு வைக்கப் பயந்தார்கள். கம்பி போட்ட காங்கிரீட் வந்ததும் பாரம் தூண்களுக்குப் போய்விட்டது. லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் 1914-லேயே இதை ஒரு படமாக வரைந்து காட்டினார்: தளங்கள், சில தூண்கள், ஒரு மாடிப்படி, அவ்வளவுதான். மீதியை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்பது கட்டுபவர் இஷ்டம். நீங்கள் ரசிக்கும் அகல ஜன்னலும் தடுப்பில்லாத கூடமும் அங்கிருந்து வந்தவை. நூறு வருடம் தாண்டி நிற்பதை ஃபேஷன் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் கணவர் கட்சிக்கும் சாட்சி உண்டு. அதே லெ கொர்பூசியே பாரிஸுக்கு அருகே கட்டிய வில்லா சவோய் என்ற வீடு 1931-ல் முடிந்தது. இன்று அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. குடியிருந்த அம்மாளோ, மழை வந்தால் ஒழுகுகிறது என்று அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அமெரிக்காவில் மீஸ் வான் டெர் ரோ என்ற இன்னொரு கட்டடக் கலைஞர், எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற மருத்துவருக்காக 1951-ல் முடித்த வீட்டில் நாலு பக்கமும் கண்ணாடி. கோடையில் வெக்கை, குளிரில் கண்ணாடி முழுக்க நீர்த்துளி, மறைவு என்பதே கிடையாது. செலவுத் தகராறில் இருவரும் கோர்ட் வரை போனார்கள். கண்ணாடி எவ்வளவு பெரியது என்பதைவிட எந்தப் பக்கம் வைக்கிறோம், மேலே எவ்வளவு நிழல் தருகிறோம் என்பதில்தான் சூட்சுமம். வெயில் சுடும் திசையில் சன்ஷேடு இல்லாமல் கண்ணாடி வைத்தால், பகலெல்லாம் திரையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்புறம், படங்களில் தெரியாத ஒன்று இருக்கிறது: சாமான். அந்த வீட்டுக்காரர்களிடமும் துடைப்பம், இஸ்திரிப் பெட்டி, மருந்து டப்பா, பழைய பில் எல்லாம் இருக்கின்றன. வைக்க இடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தளம் முதல் கூரை வரை போகும், சுவரோடு சுவராகக் கதவு மூடிய அலமாரிகள். நீங்கள் சுவர் என்று நினைத்துப் பார்த்ததில் பாதி அலமாரிதான். அதனால் முகப்பு எப்படி இருக்கும் என்று பேசுவதற்கு முன், உங்களிடம் இருக்கும் பொருள்களின் பட்டியலை ஆர்க்கிடெக்ட் கையில் கொடுங்கள். சார்ஜர் வரை எழுதுங்கள். இதைச் செய்யாத நவீன வீடு குடிபோன சில வாரங்களில் கோடவுன் ஆகிவிடும்.

எளிமை என்றால் செலவு குறையும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஸ்கர்ட்டிங் என்ற பட்டையை ஒட்டுவது அங்கேயுள்ள கோணலையும் மறைத்துவிடும். அது வேண்டாம் என்றால் கொத்தனார், டைல்ஸ் போடுபவர், பெயின்டர் எல்லோரும் பிசகில்லாமல் வேலை செய்ய வேண்டும். கைத்திறன் உள்ள ஆட்கள் கிடைக்கவில்லையா, ஸ்கர்ட்டிங்கே வைத்துக்கொள்ளுங்கள், குடி முழுகிவிடாது.

ஆஸ்பத்திரி உணர்வு வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, கூரையிலிருந்து ஒரே சீராகக் கொட்டும் வெளிர்நீல விளக்கு. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் 2700 அளவிலான மஞ்சள் ஒளியைத் தனித்தனி இடங்களில் தாழ வையுங்கள். மற்றது எதிரொலி. தரை, சுவர், கண்ணாடி எல்லாம் வழவழப்பாக இருந்தால் ஸ்பூன் விழுந்தாலும் வீடே அதிரும். கனத்த திரை, கம்பளம், புத்தக அலமாரி, கொஞ்சம் மரம் இருந்தால் அடங்கும். சமையலறையைத் திறந்து வைப்பதானால் ஒரு தள்ளுகதவும் போடுங்கள், தாளிக்கும்போது மூடிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆர்க்கிடெக்டிடம் கூரை வாட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். பார்க்கத் தட்டையாகத் தெரிந்தாலும், தண்ணீர் ஓட 80 அடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும். "ஃபிளாட் ரூஃப்தானே, வாட்டம் எதற்கு?" என்று கேட்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.