பசங்க வம்புக்கு சட்டம் இருக்கா?

கேள்வி: பையன் பாலக்கோடு பக்கம் எட்டாவது படிக்கிறான், நாலு பசங்க பட்டப்பேர் வெச்சு கூப்பிட்டு டிபன் பாக்ஸை ஒளிச்சு வெக்கிறாங்க, டீச்சர்கிட்ட சொன்னா 'விளையாட்டுதானே'ங்கறாங்க. சட்டம் ஏதாச்சும் இருக்கா?
– ஒரு அம்மா, தர்மபுரி

பதில்: இருக்கும்மா. 1996-ல மருத்துவ மாணவர் நாவரசு கொலைக்கு அப்புறம் 1997-ல தமிழ்நாட்ல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு, அதுல அடிச்சாத்தான் ராகிங்னு இல்ல, பயம், அவமானம், மனசு நோகறது எல்லாமே சேரும், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா எட்டாவது பசங்கள ஸ்டேஷனுக்கு இழுக்கறதுல எனக்கு இஷ்டமில்ல (நாமளும் பட்டப்பேர் வெச்சவங்கதானே!). வாயால சொல்லாம ஹெச்எம்கிட்ட தேதி போட்டு எழுதிக் குடுங்க, காப்பி ஒண்ணு வெச்சுக்கோங்க. அசையலன்னா பள்ளிக்கல்வித் துறை ஹெல்ப்லைன் 14417, இல்ல குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணுங்க.